மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போங்கள்

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. சர்க்கரைக்கு ஒரு டாக்டர், இதயத்துக்கு ஒருவர், கால் எரிச்சலுக்கு இன்னொருவர். இன்சுலினும் போடுகிறார். சில நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன் வியர்த்துக் கொட்டி, கை நடுங்குகிறது. மருந்துக்கடையில் விளக்கம் கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். அதற்கு முன் ஒன்று. நடுக்கம் வந்த உடனே மீட்டரில் பாருங்கள். ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். டாக்டரிடமும் இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.

மூன்று டாக்டர்களும் அவரவர் எழுதிய சீட்டைத்தான் பார்க்கிறார்கள். எல்லா மருந்தையும் ஒரே கடையில் வாங்கினால், மூன்று சீட்டையும் சேர்த்துப் பார்ப்பவர் மருந்தாளுநர்தான். பில் போடுபவரிடம் இல்லை, ஃபார்மசிஸ்ட் யார் என்று விசாரித்து அவரிடமே கேளுங்கள். மருந்தைப் பற்றி விளக்கிச் சொல்வது அவருடைய கடமை என்று 2015-ஆம் ஆண்டு மருந்தகப் பணி விதிமுறைகளிலேயே இருக்கிறது.

கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்புங்கள். சில சமயம் இரண்டு அட்டைகளின் பெயரும் நிறமும் வேறாக இருக்கும். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் பார்த்தால் இரண்டிலும் கிளிமெபிரைடு என்ற ஒரே சர்க்கரை மருந்தின் பெயர்தான் இருக்கும். இப்படி ஒரே மருந்தை இரண்டு மடங்கு சாப்பிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் இன்சுலின் ஊசி. இதில்தான் எனக்குப் பயம் அதிகம். நம் ஊரில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் உண்டு, 100 யூனிட் உள்ள குப்பியும் உண்டு. முதலாவதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, இரண்டாவதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். குப்பியையும் சிரிஞ்சையும் கையோடு கொண்டுபோய், அம்மாவையே இழுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

மருந்தாளுநர் தானாக அளவைக் குறைக்க மாட்டார், குறைக்கவும் கூடாது. சந்தேகம் வந்தால் டாக்டருக்குப் போன் செய்வார், அல்லது கேட்க வேண்டியதை எழுதித் தருவார். அமெரிக்காவின் ஆஷ்வில் நகரம் 1990-களிலேயே சர்க்கரை உள்ள தன் ஊழியர்களை மருந்தாளுநரிடம் தவறாமல் போகவைத்தது. அவர்களின் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி குறைந்தது.

மீட்டர் அளவுகளைத் தேதி, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதி, அதையும் பையில் வையுங்கள்.