சீனக் குடியேறிகளைப் பழித்த அமெரிக்கக் கேலிச்சித்திரங்கள்: கேள்வி பதில்

மதுரை வாசகர்: சார், இந்த வகைப் படங்களில் ஒன்றை மட்டும் பார்ப்பதென்றால் எதைச் சொல்வீர்கள்?

சான்பிரான்சிஸ்கோவின் 'தி வாஸ்ப்' வார இதழில் 1881 நவம்பர் 11 அன்று ஜார்ஜ் கெல்லர் வரைந்ததை. நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலை எழுவதற்கு முன்பே, தங்கள் துறைமுகத்துக்கும் ஒரு சிலை என்று கற்பனை செய்கிறார். பீடத்தின்மேல் கந்தல் உடுத்திய சீனத் தொழிலாளி. கையில் அபினிக் குழாய், காலடியில் மண்டையோடு. தலையைச் சுற்றிய ஒளிக்கதிர்களில் அழுக்கு, ஒழுக்கக்கேடு, நோய், வெள்ளைத் தொழிலாளிக்கு நாசம் என்ற சொற்கள். நிலாவுக்குக்கூட இடுங்கிய கண்! அடுத்த மே மாதமே சீனத் தொழிலாளர் வருகைக்குத் தடைச் சட்டம் வந்தது. படத்தால்தான் சட்டம் வந்தது என்று சொல்ல மாட்டேன். தொழிலாளர் தலைவர் டெனிஸ் கியர்னியின் கட்சி 1877 முதலே "சீனர்கள் வெளியேற வேண்டும்" என்று முழங்கிக்கொண்டிருந்தது. அந்த வெறுப்புக்கு ஒரு முகம் வரைந்து கொடுத்தவை இப்படங்கள்.

கல்லூரி மாணவி: எல்லாப் படத்திலும் நீளப் பின்னல் இருக்கிறதே, ஏன்?

சீனாவை ஆண்ட சிங் வம்ச அரசு 1645இல் ஆண்கள்மேல் திணித்த கட்டளை அது, அம்மா. வெட்டினால் ராஜதுரோகம். ஊர் திரும்ப நினைத்தவர் எப்படி வெட்டுவார்? ஓவியர்களோ அதை வால் போல நீட்டிச் சிரித்தார்கள். சான்பிரான்சிஸ்கோ சிறையில் அதை வெட்டியும் விட்டார்கள். ஹோ ஆ கோ என்பவர் வழக்குப் போட்டு 1879இல் ஜெயித்தார்.

சேலம் வாசகர்: சீனர் எலி தின்பது போல ஒரு விளம்பரம் பார்த்தேன். உண்மையிலேயே அச்சானதா?

ஆமாம், 'ரஃப் ஆன் ராட்ஸ்' எலி மருந்து அட்டை. வாயருகே எலியைத் தூக்கிப் பிடித்த சீனர், பக்கத்தில் "போயே ஆக வேண்டும்" என்ற வாசகம். எலிக்கும் மனிதருக்கும் சேர்த்தே அது! பத்திரிகைப் படங்களைவிட இதைத்தான் நான் கொடியது என்பேன். இத்தகைய விளம்பர அட்டைகள் இலவசமாகக் கிடைத்தன. வீட்டில் ஆல்பத்தில் ஒட்டிச் சேர்த்தார்கள். சீனர் எலி தின்பதை நிரூபித்தால் 500 டாலர் தருகிறேன் என்று பத்திரிகையாளர் வோங் சின் ஃபூ சவால் விட்டார்.

ஓவிய ஆசிரியர்: எதிர்த்து வரைந்தவர் யாருமே இல்லையா?

தாமஸ் நாஸ்ட் இருந்தார். 1871 பிப்ரவரி 18 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' இதழில், சோர்ந்து உட்கார்ந்த சீனரை அமெரிக்காவின் உருவகமான கொலம்பியா கும்பலிடமிருந்து காத்து நிற்கிறாள். பின்சுவரில் சீனரை ஏசும் சுவரொட்டிகள். துணிச்சலான படம். ஆனால் இதே நாஸ்ட்தான் ஐரிஷ் குடியேறிகளைக் குரங்கு முகத்தோடு வரைந்தவர். அதையும் சேர்த்தே மாணவர்களுக்குக் காட்டுங்கள்.