கச்சான் காற்றும் பசுவின் வயிறும்

கேள்வி: கச்சான் காற்று வீசத் தொடங்கியது முதல் எங்கள் கலப்பினப் பசுவின் பால் குறைந்துவிட்டது, சாணமும் இளகிப் போகிறது. வழமையான புல்லும் தவிடும்தான் கொடுக்கிறோம். குடற்பூச்சி மருந்தும் பயனளிக்கவில்லை. தவிட்டைக் கூட்டலாமா?
– வாசகி, வெல்லாவெளி

பதில்: கூட்டாதீர்கள். பசு தின்பதைச் செரிக்கச் செய்பவை அதன் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணங்கிகளே. அங்குள்ள ஒரு மில்லிலீற்றர் திரவத்தில் ஆயிரம் கோடி அளவில் பற்றீரியாக்கள் வாழ்கின்றன. அவை நாரை நொதிக்கச் செய்து உண்டாக்கும் அமிலங்களிலிருந்தே பசுவுக்குத் தேவையான சக்தியில் ஏறத்தாழ 70 சதவீதம் கிடைக்கிறது. அந்த அமிலம் மிகையாகாமல் காப்பது, இரைமீட்கும்போது ஊறி இறங்கும் உமிழ்நீரிலுள்ள காரம்.

கச்சான் வறண்ட வெப்பக் காற்று. அந்த வெக்கையில் பசு மூச்சிரைக்கிறது; உமிழ்நீர் வாயால் வழிந்து வீணாகிறது, அதிலுள்ள காரமும் குறைகிறது. வைக்கோலை ஒதுக்கித் தவிட்டை மட்டும் தின்பதால் இரைமீட்பும் குறைந்துவிடுகிறது. அமிலம் கூடக்கூடக் குறையும் அளவு பீஎச். வழமையாக 6க்கும் 7க்கும் இடையில் நிற்கும் அது 6க்குக் கீழே இறங்கினால், நாரைச் சிதைக்கும் பற்றீரியாக்களே முதலில் தளர்கின்றன. அமிலத்தைத் தாங்குபவை பெருகுகின்றன. அந்த நிலையில் மாச்சத்து மிகுந்த தவிட்டைக் கூட்டுவது எரிகிற அடுப்பில் எண்ணெய் வார்ப்பதாகும்.

விடியலிலும் பொழுது சாய்ந்த பின்பும் தீனி வையுங்கள். முதலில் புல், பிறகு சிறிது சிறிதாகத் தவிடு. தண்ணீர் எந்நேரமும் இருக்கட்டும். தகரக் கொட்டிலாயின் மேலே கிடுகு போடுங்கள். தீனியை மாற்றுவதானாலும் இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாக மாற்றுங்கள். புதிய தீனிக்கேற்ற நுண்ணங்கிகள் பெருக அவ்வளவு காலம் வேண்டும். காய்ச்சலோ சாணத்தில் இரத்தமோ கண்டால் மிருக வைத்தியரிடம் காட்டத் தாமதிக்க வேண்டாம்.

கேள்வி: 2022 டிசம்பர்க் குளிரில் மாடுகள் இறந்தனவே, அதற்கும் வயிற்றுக்கும் தொடர்புண்டா?
– வாசகர், பொத்துவில்

பதில்: வடக்கிலும் கிழக்கிலும் அப்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் மாண்டன. மழையும் காற்றும் சேர்ந்த குளிரே அதற்குக் காரணம். எனினும் வயிற்றின் பங்கை நாம் அதிகம் பேசுவதில்லை. நார்த்தீனி நொதிக்கும்போது வெப்பமும் பிறக்கிறது. ஆகவே நிறைந்த வயிறு மாட்டுக்கு உள்ளடுப்புப் போன்றது. திறந்த வெளியில் நனைந்து, மேய முடியாமல், வெறுவயிற்றோடு நிற்கும் மெலிந்த மாட்டுக்கு அந்தச் சூடு கிடைப்பதில்லை. எனவே மாரி தொடங்குமுன்பே உலர்ந்த வைக்கோலைப் பட்டிக்கு அருகே, மழை படாத மேட்டில் சேர்த்து வையுங்கள்.