பயாப்ஸி அறிக்கையில் ‘லிம்போசைட்’ என்றிருந்தால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 54, சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கிறேன். இரண்டு மாதங்களாகத் தண்ணீராக வயிற்றுப்போக்கு இருந்ததால், பலதுறை மருந்தகத்திலிருந்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். கொலனாஸ்கோபியில் (பெருங்குடல் உள்நோக்குச் சோதனையில்) கட்டி எதுவும் இல்லை. ஆனால் பயாப்ஸி (திசுப் பரிசோதனை) அறிக்கையில், பெருங்குடல் சவ்வில் லிம்போசைட்டுகளும் பிளாஸ்மா செல்களும் இருப்பதாக எழுதியிருக்கிறது. இது கிருமித் தொற்றா, புற்றுநோயா? நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் பானம் குடிக்கலாமா?

பதில்: அந்த ஒரு வரி மட்டும் இவ்விரண்டில் எதையும் குறிப்பதில்லை. வெள்ளை அணுக்களில் ஒரு வகையான லிம்போசைட்டுகளும், எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) தயாரிக்கும் பிளாஸ்மா செல்களும் ஆரோக்கியமான குடலிலும் நிரந்தரமாகக் குடியிருப்பவை. குடலின் உட்பரப்பு ஒரே ஒரு செல் அடுக்கால் ஆனது. அதன் ஒரு பக்கம் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள், மறுபக்கம் நம் ரத்த ஓட்டம் என்பதால், உடலில் எதிர்ப்பொருள் தயாரிக்கும் செல்களில் பெரும்பகுதி இங்கேதான் தங்கியிருக்கிறது. நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் வரை ஐஜிஏ என்னும் எதிர்ப்பொருளை இவை சுரக்கின்றன. பிறந்த குழந்தையின் குடலில் பிளாஸ்மா செல்கள் அநேகமாக இருப்பதில்லை. நுண்ணுயிரிகள் வந்து சேர்ந்த பிறகே அவை படிப்படியாகக் குடியேறுகின்றன.

ஆகவே, நோய்க்குறியியல் வல்லுநர் பார்ப்பது இச்செல்கள் இருக்கின்றனவா என்பதை அல்ல, எங்கே, எவ்வளவு இருக்கின்றன என்பதைத்தான். பெருங்குடலின் வலப்பக்கத்தில் இவை இயல்பாகவே அதிகம், இடப்பக்கத்தில் குறைவு. சுரப்பிக் குழிகளுக்குள் நியூட்ரோஃபில்கள் என்னும் வேறுவகை வெள்ளை அணுக்கள் புகுந்திருந்தாலோ, குழிகளின் வடிவம் சிதைந்திருந்தாலோ அழற்சி நோயைச் சந்தேகிப்பார்கள். உங்களைப் போல நீர்த்த வயிற்றுப்போக்கு உள்ளவர்களுக்கு, அந்த ஒற்றைச் செல் அடுக்கான மேற்சவ்வின் 100 செல்களுக்கு இடையே 20க்கு மேற்பட்ட லிம்போசைட்டுகள் நுழைந்திருக்கின்றனவா என்றும் எண்ணிப் பார்ப்பார்கள். அப்படியிருந்தால் அது லிம்போசைட்டிக் கொலைட்டிஸ் என்னும் பெருங்குடல் அழற்சி. கொலனாஸ்கோபியில் குடல் பளபளவென்று இயல்பாகத் தெரிந்தாலும் இந்நோய் இருக்கக்கூடும். திசு எடுத்ததே அதற்காகத்தான். இது புற்றுநோய் அன்று, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. புடசொனைடு என்ற மருந்துக்கு நன்றாகவே கட்டுப்படும். அறிக்கையின் இறுதி முடிவு என்ன சொல்கிறது என்பதை அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் கேளுங்கள். (மருத்துவருக்காக எழுதப்படும் அறிக்கை இப்போதெல்லாம் நோயாளியின் கைப்பேசிக்கு முதலில் வந்துவிடுகிறது; பாதிக் கவலை அதனால்தான்.)

மூட்டு வலிக்கு இபுபுரூஃபன், நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல் போன்றவற்றை உட்கொள்கிறீர்களா? இவை இந்நோயோடு தொடர்புடையவை என்பதால், கடையில் நீங்களாக வாங்கியவை உட்பட எல்லாவற்றையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்ததை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அந்தப் பானம் தேவையில்லை. உணவையும் நல்ல நுண்ணுயிரிகளையும் தாக்காமல் அடங்கியிருப்பதுதான் குடலின் எதிர்ப்புச் செல்களுக்குப் பெரும்பாலான நேரம் வேலை. அந்த அடக்கம் தளர்வதால் வருவனவே குரோன்ஸ் போன்ற குடல் அழற்சி நோய்கள்.

மலத்தில் ரத்தம், காய்ச்சல், எடை குறைதல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால், சந்திப்பு நாள்வரை காத்திராமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.