டிரம்முக்குள் புழு, கையில் ரசீது

கேள்வி: எங்கள் தெருவில் காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது, டிரம்மில் பிடித்து வைக்காமல் என்ன செய்வது? கொசுப்புழு இருந்தால் அபராதமாமே, நிஜமா சார்?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: நிஜம்தான் அம்மா. கர்நாடகத்தின் 2020 தொற்றுநோய்ச் சட்ட விதிகளை 2024-இல் திருத்தி டெங்குவையும் அதில் சேர்த்துவிட்டார்கள். நகரத்து வீட்டுக்கு 400 ரூபாய், கடை, ஓட்டல் என்றால் 1,000, கட்டடம் எழும்பும் மனைக்கு 2,000 (என்னைக் கேட்டால் இந்தக் கடைசித் தொகை ரொம்பக் குறைவு, மாதக்கணக்கில் தேங்கும் தண்ணீரெல்லாம் அங்கேதானே). பிடித்து வைப்பது தப்பில்லை, கொசு வளரவிடுவதுதான் தப்பு. துணியால் இறுக்கிக் கட்டுங்கள், வாரம் ஒருமுறை காலிசெய்து உள்சுவரைத் தேங்காய் நாரால் நன்றாகத் தேயுங்கள், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்புறம், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.