தோப்புக் கல்யாணமா? முதலில் தேங்காயை இறக்குங்கள்

தங்கை கல்யாணத்தை ஐப்பசியில் உங்கள் தென்னந்தோப்பிலேயே, தாத்தா காலத்துப் பாணியில், அலங்காரமெல்லாம் கையாலேயே செய்து நடத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக நடத்தலாம், ஆனால் ஐப்பசி வடகிழக்குப் பருவமழைக் காலம், காகிதப் பூவும் வண்ணத்தாள் கொடியும் ஒரு தூறலுக்கே சாயம் வழிந்து பட்டுப்புடவையில் ஒட்டும். தைக்குத் தள்ள முடிந்தால் தள்ளுங்கள். முடியாதென்றால் மணமேடைக்கும் பந்திக்குமாவது தகரப் பந்தல் போட்டு, உள்பக்கம் கீற்று கட்டி மறைத்துவிடுங்கள், பழைய களை தானாக வந்துவிடும். தோரணத்துக்குத் தென்னங்குருத்துதான் சரி. முந்தின நாள் சாயங்காலம் பின்னி ஈரச்சாக்கு போட்டு மூடி வைத்தால் காலையில் வாடாது. அப்புறம், இது எல்லாவற்றையும்விட முக்கியம், ஆட்கள் உட்காரும் பக்கத்து மரங்களில் தேங்காயையும் காய்ந்த மட்டையையும் முன்கூட்டியே இறக்கிவிடுங்கள். கிராமபோன் காட்சிக்கு மட்டும் போதும். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் அந்தக் கால இசைத்தட்டு ஒரு பக்கம் சுமார் 3 நிமிடம்தான் ஓடும், ஒருத்தர் சாவி கொடுத்துக்கொண்டே நிற்க வேண்டும், வெயில் பட்டால் தட்டு வேறு வளைந்துவிடும். அதற்குப் பதில் நாகஸ்வரம் சொல்லிவிடுங்கள். அரிக்கேன் விளக்கில் மண்ணெண்ணெய் வேண்டாம், கீற்றுக்குப் பக்கத்தில் நெருப்பு ஆகாது; உள்ளே மஞ்சள் எல்இடி பல்பு வைத்தால் போதும்.