டர்பன் வீட்டுத் தோட்டத்தில் கிழங்கு வகைப் பூச்செடிகள்

கேள்வி: டர்பன் நகரத்தை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் குடியிருக்கிறேன். வீட்டின் பின்புறம் சரிவான சிறிய தோட்டம் உள்ளது, மண் களிமண். சென்ற ஆண்டு ஏப்ரலில், கேப்டவுனிலிருந்து வந்த உறவினர் கொடுத்த ஃப்ரீசியா, இக்ஸியா, டியூலிப் கிழங்குகளை நட்டேன். முதல் இரண்டும் ஆகஸ்ட் கடைசியில் நன்றாகப் பூத்தன. டியூலிப் மட்டும் இலைகளுக்கு நடுவே குட்டையாக ஒரு மொட்டு விட்டு, விரியாமலே கருகிவிட்டது. இலைகள் காய்ந்த பிறகு கிழங்குகளை மண்ணிலேயே விட்டுவைத்தேன். பிப்ரவரியில் தோண்டிப் பார்த்தபோது எல்லாம் கூழாக அழுகிக் கிடந்தன. வேலியோர நிழலில் இருக்கும் கிளைவியாச் செடிகளையும் கறுப்பும் மஞ்சளுமான புழுக்கள் தின்கின்றன. எங்கள் தோட்டத்தில் கிழங்குப் பூக்களே வராதா? பூசைக்கு நிலச்சம்பங்கி வளர்க்கவும் ஆசை. எந்த மாதத்தில் எதை நடலாம் என்று விளக்க வேண்டுகிறேன்.

பதில்: தங்கள் தோட்டத்தில் கிழங்குப் பூக்கள் தாராளமாக வரும், உலகில் அவற்றுக்கு ஏற்ற இடங்களில் தங்கள் மாகாணமும் ஒன்று. ஆனால் தாங்கள் நட்டவை அனைத்தும் வேறு மழைக்குப் பழகியவை. கிழங்குச் செடியைப் பொறுத்தவரை, அது வளரும் காலத்தில் எவ்வளவு தண்ணீர் கிடைக்கிறது என்பதைவிட, அது உறங்கும் காலத்தில் தண்ணீர் படாமல் இருக்கிறதா என்பதே பிழைப்பதையும் அழுகுவதையும் தீர்மானிக்கிறது.

ஃப்ரீசியா, இக்ஸியா, ஸ்பராக்ஸிஸ், பாபியானா, லாக்கனாலியா ஆகியவற்றில் பெரும்பாலானவை கேப் பகுதியின் தென்மேற்குச் சீமையைச் சேர்ந்தவை. அங்கே மழை குளிர்காலத்தில், மே முதல் ஆகஸ்ட் வரை பெய்யும். கோடை வறண்டு கிடக்கும். வசந்தத்தில் கிழங்குப் பூக்களுக்காகவே பயணிகள் தேடிச் செல்லும் நியூவௌட்வில் ஊரை, அந்தப் பூக்கள் உதிர்ந்த பிறகு பார்த்தவர்கள் அது பொட்டல் காடு என்றே நினைப்பார்கள். கிழங்குகள் அந்த வறட்சிக்குள்தான் பத்திரமாக உறங்குகின்றன. டர்பனில் கதையே தலைகீழ். ஆண்டுக்குச் சுமார் 1000 மில்லிமீட்டர் மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் மார்ச் வரை கொட்டிவிடுகிறது. அக்டோபர், நவம்பரில் இலை காய்ந்து வேரும் இற்றுப்போன கிழங்கு, தண்ணீரை உறிஞ்சவோ வெளியேற்றவோ வழியில்லாமல், வெதுவெதுப்பான ஈரக் களிமண்ணுக்குள் மூன்று நான்கு மாதங்கள் கிடந்தால் அழுகாமல் வேறென்ன செய்யும்? அடியிலிருந்து பழுப்பு நிறத்தில் மேலேறும் உலர்ந்த அழுகல் பெரும்பாலும் ஃபியூசேரியம் என்னும் பூஞ்சையால் வருவது. தாங்கள் சொல்வதுபோல் கூழாகி, நாற்றமும் அடித்திருந்தால் அது பாக்டீரியா அழுகல். எதுவானாலும் மருந்து ஒன்றுதான்: கோடை ஈரம் படக்கூடாது.

ஆகவே கேப் கிழங்குகளை இனி நிலத்தில் நடாமல் தொட்டியில் மட்டும் வளர்க்கவும். பருமணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய இலையுரம் ஒரு பங்கு, தோட்ட மண் ஒரு பங்கு போதும்; தங்கள் களிமண் மிகவும் கெட்டியாக இருந்தால் மணலை இரட்டிப்பாக்கலாம். பச்சைச் சாணம் வேண்டாம். எலும்புத் தூள் கலந்தால் நல்லதுதான், ஆனால் வீட்டில் நாய் இருந்தால் மறுநாள் காலையில் தொட்டி கவிழ்ந்து கிடக்கும். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் முடிவதற்குள், வெயில் தணிந்த பிறகு, கிழங்கின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழத்தில் ஊன்ற வேண்டும். டர்பன் குளிர்காலம் வறண்டது என்பதால் முளைத்தது முதல் பூக்கும் வரை தாங்கள்தான் தண்ணீர் விட வேண்டும். வாரம் இருமுறை போதுமானது. மொட்டு தெரியும் சமயத்தில் கடைகளில் கிடைக்கும் 3:1:5 (தழை, மணி, சாம்பல் சத்துகளின் விகிதம்) உரத்தைச் சிட்டிகை அளவு தூவி நீர் ஊற்றலாம்.

பூ முடிந்ததும் பலர் இலையை அறுத்துவிடுகிறார்கள். அது கூடாது, அடுத்த ஆண்டுப் பூவுக்கான உணவு முழுவதும் அந்த ஆறேழு வாரங்களில்தான் சேர்கிறது. இலை பாதிக்கு மேல் மஞ்சளித்த பிறகு தண்ணீரை நிறுத்தி, தொட்டியைச் சாரல் எட்டாத தாழ்வாரத்துக்கு மாற்றிவிடவும். நவம்பரில் ஒரு ஃப்ரீசியாவைத் தோண்டி எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள்: தாங்கள் நட்ட பழைய கிழங்கு சுருங்கிய வில்லையாக அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், அதன் தலைமேல் புதிய கிழங்கு ஒன்று நார்த்தோலுடன் பருத்திருக்கும், இரண்டும் சேரும் இடத்தைச் சுற்றி மிளகளவில் குஞ்சுக் கிழங்குகள் இருக்கும். பழைய வில்லையை நெம்பினால் சுலபமாகப் பிரிந்துவரும். புதிய கிழங்கின் நார்த்தோலை உரிக்காமல், வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டு, காற்றாடும் நிழலில் தொங்கவிட்டால் அடுத்த மார்ச் வரை கவலையில்லை.

டியூலிப்பைப் பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்: டர்பனில் அது வீண் செலவு. அதன் பூந்தண்டு நீள்வதற்குப் பல வாரக் கடுங்குளிர் தேவை. அது கிடைக்காததால்தான் மொட்டு இலைக்கிடையிலேயே நின்று கருகியது. நடுவதற்கு முன் ஆறு முதல் எட்டு வாரம் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் உடன் ஆப்பிளோ வாழைப்பழமோ இருந்தால் அவை விடும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் பூமொட்டைக் கெடுத்துவிடும். இவ்வளவு பாடுபட்டாலும் ஒரே ஒருமுறை பூக்கும், மறு ஆண்டு பூக்காது. அந்தப் பணத்துக்குக் கீழே சொல்லும் செடிகளை வாங்குவதே மேல்.

கோடை மழையிலேயே பிறந்து வளர்ந்த கிழங்குகள்தான் தங்கள் நிலத்துக்குரியவை. முதலில் செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலராகிய இதே கொடி தங்கள் மாகாணமான குவாசுலு-நட்டாலின் கடற்கரை மணல்மேடுகளிலும் புதர்களிலும் தானாகவே படர்கிறது. விரல் பருமனுள்ள அதன் கிழங்கு கவைபோல் இரண்டாகப் பிரிந்திருக்கும். முளைக்கண் நுனியில் மட்டுமே இருப்பதால் நுனி ஒடிந்த துண்டு முளைக்காது. ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பரில், படுக்கைவசமாக, ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து மூட வேண்டும். இலை நுனிகளே பற்றுக்கம்பிகளாகச் சுருண்டு பிடித்துக்கொள்ளும் என்பதால் கம்பி வேலியோரம் மிகப் பொருத்தமான இடம். அடி நிழலிலும் தலை வெயிலிலும் இருந்தால் கொடிக்கு அதைவிட வேறொன்றும் வேண்டாம். கார்த்திகை தொடங்கி மாசி வரை பூக்கும். ஏப்ரல், மே மாதங்களில் கொடி காய்ந்ததும் தண்ணீரை நிறுத்திவிடலாம். குளிர்காலம் மழையற்றது ஆகையால் கிழங்கைத் தோண்டியெடுக்கவும் தேவையில்லை. ஒரே எச்சரிக்கை: செடியின் எல்லாப் பாகங்களிலும், குறிப்பாகக் கிழங்கில், கொல்கிசின் என்னும் கொடிய நஞ்சு உள்ளது. சேம்பு, வள்ளிக்கிழங்கு போடும் பாத்திக்குப் பக்கத்தில் இதை ஒருபோதும் நடாதீர்கள். தோண்டும்போது மாறிப்போனால் விபரீதம். குழந்தைகள் விளையாடும் வீடு என்றால் இந்தக் கொடியை விட்டுவிடுங்கள்.

மரநிழலுக்கு ஸ்கடாக்ஸஸ் இனங்களைச் சொல்வேன். அவற்றில் கேத்தரினே என்ற வகை இம்மாகாணக் கடலோரக் காடுகளில் இயல்பாக வளர்வது. ஜனவரி, பிப்ரவரியில் சிவந்த பூக்கள் திரண்ட பெரிய பந்தாகப் பூக்கும். கிரைனம் மூரியும் அதேபோல் நிழலில், ஈரத்தில் வளர்ந்து, கோடையில் வெளிர் இளஞ்சிவப்புப் பூவைத் தரும். வெயில் படும் மேட்டில் அன்னாசிப் பூ என்று சொல்லத்தக்க யூகோமிஸையும் அகப்பாந்தஸையும் நடலாம். அகப்பாந்தஸ் உண்மையில் மண்ணுக்குள் படுக்கையாக ஓடும் மட்டத்தண்டுச் செடி, தோட்டங்களில் பரவலாக வளர்க்கும் வகை ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும். கடைகளில் அமரில்லிஸ் என்று விற்கும் பெரிய வெங்காயக் கிழங்கை ஜூலை, ஆகஸ்டில், கழுத்துப் பகுதி மண்ணுக்கு வெளியே தெரியும்படி வைக்க வேண்டும். முழுவதும் புதைத்தால் கழுத்திலேயே அழுகும். கவனிக்க வேண்டியது இது: "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று ஊரில் சொன்னதை இங்கே அப்படியே கடைப்பிடிக்க இயலாது. இங்கே ஆடி குளிரும் வறட்சியும் கூடிய மாதம். கோடைக் கிழங்குகளுக்கான பட்டம் ஆவணியிலும் புரட்டாசியிலும் வருகிறது, கேப் கிழங்குகளுக்குப் பங்குனியும் சித்திரையும்.

சரிவு தங்களுக்குச் சாதகமே. மேல் பாதியில் ஒரு சாண் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டி, மக்கிய எருவும் பருமணலும் கொத்திக் கலந்து, அழுகலுக்கு எளிதில் இரையாகும் கிழங்குகளை அங்கே நடவும். நீர் தேங்கும் கீழ்ப் பகுதியை வீணாக்க வேண்டாம். ஆரம் லில்லி அந்த ஈரத்தைத்தான் கேட்கும். கிழங்குகளை வாங்கும்போது சாலையோரத்தில் மண்ணோடு விற்பவர்களிடம் வாங்காதீர்கள். நாட்டு மருந்துக்காகக் காட்டிலிருந்து கிளைவியா முதலிய கிழங்குகளைத் தோண்டித் தோண்டி அவை அருகிவருகின்றன. அனுமதியில்லாமல் எடுப்பது சட்டப்படியும் குற்றம். தங்கள் பகுதியிலேயே உள்ள சில்வர்கிளன் காப்பகத்தில் மருந்துச் செடிகளைப் பெருக்குவதற்கென்றே நாற்றங்கால் அமைத்திருப்பதன் காரணமும் அதுதான்.

இனி கிளைவியாப் புழு. அமரில்லிஸ் குடும்பச் செடிகளை மட்டுமே நாடும் ஓர் அந்துப்பூச்சியின் புழு அது. பூச்சி இரவில் வந்து இலையின் அடிப்புறத்தில் கூட்டமாக முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் இலையின் இரு தோல்களுக்கும் நடுவே நுழைந்து சதையைத் தின்னும். காலையில் ஓர் இலையை வெயிலுக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள்: பச்சை போய்க் கண்ணாடித் தாள்போல் ஆன இடத்தில் கரும்புள்ளிகளாக எச்சமும், நெளியும் புழுக்களும் தெரியும். அந்தக் கட்டத்திலேயே இலையின் அப்பகுதியை வெட்டி நசுக்கிவிட்டால் வேலை பெரும்பாலும் முடிந்தது. புழு வெளியே வந்து மேயும் நாட்களில் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் உயிர்ப் பூச்சிக்கொல்லியை மாலையில் இலையின் இரு பக்கமும் தெளித்து, ஒரு வாரம் கழித்து மறுபடி தெளிக்கவும். வெயிலில் தெளித்தால் அதன் வீரியம் குறையும். இலை இடுக்கில் ஈரமான எச்சம் குவிந்து, குருத்தை இழுத்தால் கையோடு வந்துவிட்டால் புழு தண்டுவரை இறங்கிவிட்டது என்று பொருள். அத்தகைய செடியைப் பிடுங்கி, அழுகிய பாகத்தை வெள்ளைச் சதை தெரியும்வரை சீவி, கந்தகத் தூள் பூசி, ஒரு வாரம் நிழலில் உலர்த்தி, மணல் கலந்த புது மண்ணில் நடவும். புழு மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக மாறுவதால் செடியைச் சுற்றி மேல்மண்ணைக் கிளறிவிடுவதும் பயன்படும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வாரம் ஒருமுறை இலைகளைத் திருப்பிப் பார்க்கும் வழக்கம் இருந்தால் மருந்தே தேவைப்படாது. கிரைனம், அமரில்லிஸ் இவற்றையும் அதே புழு தாக்கும்.

நிலச்சம்பங்கியின் தாயகம் மெக்சிகோ. கோடை மழையில் வளர்ந்து வறண்ட காலத்தில் ஓய்வெடுக்கும் செடி என்பதால் டர்பனுக்கு நன்கு ஒத்துவரும். நாள் முழுதும் வெயில் விழும் மேட்டுப்பாத்தியில், ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபருக்குள், ஒரு சாண் இடைவெளியில், ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் நட வேண்டும். நட்ட மூன்று முதல் ஐந்து மாதங்களில் பூந்தண்டு வரும். தைப்பூசத்துக்குப் பூ வேண்டுமென்றால் ஆகஸ்ட் கடைசியிலேயே நட்டுவிடுங்கள்; பங்குனிக்குப் போதும் என்றால் அக்டோபர் சரியான காலம். இரண்டு தவணையாக நட்டால் பூ விட்டுவிட்டு வரும். குரங்குகள் வரும் தெரு என்றால், தண்டின் அடிமொட்டு விரிந்ததும் வெட்டி வீட்டுக்குள் தண்ணீரில் வைத்துவிடுவது நல்லது. மற்ற மொட்டுகள் அங்கேயே ஒவ்வொன்றாக விரியும். ஒரு கிழங்கு ஒருமுறைதான் பூக்கும். அதைச் சுற்றி வரும் பக்கக் கிழங்குகளே அடுத்தடுத்த ஆண்டுகளில் பூப்பவை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஜூலையில் குத்தைத் தோண்டிப் பிரித்து, கட்டைவிரல் பருமனுள்ளவற்றைப் பாத்தியிலும், அதைவிடச் சிறியவற்றை ஒரு தனித் தொட்டியிலும் வைத்தால், சிறியவை பருக்க ஓராண்டோ இரண்டாண்டோ ஆகும்.