அண்டர்டேக்கருடன் கலசம் ஏந்தி வந்த அந்தக் குண்டு மனிதர் யார்? சண்டையே போடாதவருக்கு அங்கே என்ன வேலை?

அவர் பெயர் பால் பேரர். அமெரிக்கத் தொலைக்காட்சி மல்யுத்தத்தில் அண்டர்டேக்கர் என்ற வீரரின் மேனேஜர். இயற்பெயர் வில்லியம் மூடி. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள மொபீல் என்ற துறைமுக நகரத்துக்காரர். 1954இல் பிறந்து 2013 மார்ச் 5 அன்று அதே ஊரில் இறந்தார். இதோடு பதிலை முடித்துவிடலாம். ஆனால் உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி என்னைச் சீண்டிவிட்டது. சண்டையே போடாதவருக்கு என்ன வேலையா? என்னைக் கேட்டால், அந்த மேடையில் பாதி வேலையைச் செய்தவரே அவர்தான்.

எங்கள் வீட்டுக்குக் கேபிள் இணைப்பு வந்த புதிதில், பள்ளி விட்டு வந்ததும் நானும் அண்ணனும் மல்யுத்தம் பார்க்க உட்கார்ந்துவிடுவோம். மற்ற வீரர்கள் வரும்போது ஆச்சி கண்டுகொள்ளவே மாட்டார். அவருக்கு எல்லோரும் ‘சட்டை போடாத பயல்கள்’தான். ஆனால் விளக்குகள் அணைந்து, சாவு மணி அடித்து, அந்த இருவர் நடந்து வந்தால் அரிசி புடைப்பதை நிறுத்திவிடுவார். ஒருநாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “அஸ்திச் சொம்பை வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே கொண்டுவரக் கூடாது. அவன் நடுக்கூடத்தில் வைத்துக் காட்டுகிறான். முதலில் அதை அணை.” நாங்கள் அணைக்கவில்லை. ஆனால் ஆறே முக்கால் அடி உயரமுள்ள அண்டர்டேக்கரை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற குட்டை மனிதரின் கையில் இருந்த பொருளைத்தான் ஆச்சி பார்த்திருக்கிறார் என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அதற்காகத்தான் அவரை அங்கே நிறுத்தியிருந்தார்கள்.

உருவத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மாவு பூசியது போல் வெளுத்த உருண்டை முகம், கண்ணைச் சுற்றிக் கருவளையம், சாயம் ஏற்றிப் படிய வாரிய கறுப்பு முடி, சின்ன மீசை, இறுக்கமான கறுப்புக் கோட்டு. குரலோ கொல்லைக் கதவு கிறீச்சிடுவது போல மெல்லிசாக, உச்சத்தில் நடுங்கும். “ஓ... யெஸ்ஸ்” என்று அவர் இழுக்கும்போது தாடைச் சதை தனியாக ஆடும். அண்டர்டேக்கர் அடி வாங்கி மல்லாந்து விழுந்ததும் கலசத்தை இரு கைகளாலும் தலைக்கு மேல் தூக்குவார். கீழே கிடந்தவர் முதுகை வளைக்காமல், படக்கென்று உட்கார்ந்துவிடுவார். கலசத்துக்குள் ஏதோ சக்தி இருக்கிறது என்று எங்கள் வகுப்பில் நம்பாத பையனே இல்லை.

மல்யுத்தத்தில் மேனேஜர் என்றால் கணக்கு வழக்கு பார்ப்பவர் இல்லை. கதையில் அவரும் ஒரு பாத்திரம். பேசத் தெரியாத வீரனுக்கு வாயாக இருப்பார். வீரன் கள்ள ஆட்டம் ஆடும்போது நடுவரின் கவனத்தை வேறு பக்கம் திருப்புவார். கடைசியில் நாயகன் கையில் சிக்கி உதை வாங்குவார். மூன்று மாதம் சேர்ந்த கோபம் அந்த ஒரு உதையில் தீரும். கூட்டத்தின் வெறுப்பைச் சேர்த்து வைக்கிற உண்டியல் என்று சொல்லலாம். பாபி ஹீனன், ஜிம்மி ஹார்ட், மிஸ்டர் ஃபூஜி போன்ற பெரிய கைகள் இருந்த காலம் அது. அவர்கள் எல்லோரும் கத்துவார்கள், ஏய்ப்பார்கள், ஓடுவார்கள். பால் பேரர் ஓடவில்லை. பிணத்தின் பக்கத்தில் நிற்கும் பொறுமையோடு நின்றார்.

அந்தப் பொறுமை நடிப்பில் வந்தது என்று நினைத்தால் தவறு. வில்லியம் மூடி உண்மையிலேயே பிணங்களைப் பதப்படுத்திச் சவப்பெட்டியில் கிடத்தும் தொழிலைப் படித்தவர். டெக்சஸில் உள்ள சான் அன்டோனியோ கல்லூரியில் அதற்கென்று இருக்கும் படிப்பை முடித்து உரிமமும் பெற்றவர். அதற்கு முன்பு விமானப்படையில் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் இருந்தார். அதற்கும் முன்பு, சிறுவனாக, மொபீலில் மேடையோரம் நின்று மல்யுத்தப் பத்திரிகைகளுக்குப் புகைப்படம் எடுத்தவர். வாழ்நாள் முழுவதும் இந்த இரண்டு தொழில்களுக்கும் இடையில்தான் போய்வந்துகொண்டிருந்தார்.

எண்பதுகளில் டல்லாஸைச் சேர்ந்த ‘வேர்ல்ட் கிளாஸ்’ மல்யுத்த நிறுவனத்தில் அவரைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கறுப்புக் கோட்டு மனிதரை அடையாளமே தெரிந்திருக்காது. அங்கே அவர் பெயர் பெர்சி பிரிங்கிள். வெளுக்கச் சாயம் போட்ட பொன்னிற முடி, பளபளக்கும் உடை, ஓயாத வாய். பின்னாளில் பெரும் பெயர் பெற்ற ரிக் ரூடுக்கும், இளைஞராக இருந்த ஸ்டீவ் ஆஸ்டினுக்கும் அவர்தான் அங்கே மேனேஜர். டல்லாஸ் மேடையில் முகமூடி போட்டு ‘டெக்சஸ் ரெட்’ என்ற பெயரில் வந்த ஒரு நெடிய இளைஞனுடனும் அவர் நடந்து வந்திருக்கிறார். அந்த இளைஞன் மார்க் காலவே. சில ஆண்டுகளில் அவனே அண்டர்டேக்கர் ஆனான். அப்போது இருவருக்கும் அது தெரியாது.

1990 நவம்பர் 22 அன்று அண்டர்டேக்கர் முதன்முதலாக டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற பெரிய மல்யுத்த நிறுவனத்தின் தொலைக்காட்சியில் தோன்றினார். அப்போது அவரை அழைத்து வந்தவர் பிரதர் லவ் என்ற வேறொரு பாத்திரம். சிவந்த முகத்துடன் பக்திப் பிரசங்கம் செய்யும் அந்த ஆள், பிணம் போன்ற வீரனுக்குப் பொருந்தவில்லை. ரிக் ரூட் சொல்லித்தான் மூடி அந்த நிறுவனத்துக்கு நேர்காணலுக்குப் போனார். மேஜையில் இருந்த அவருடைய விவரக்குறிப்பில் ‘சவ அடக்கத் தொழில்’ என்ற வரியைப் பார்த்ததும் முதலாளி வின்ஸ் மக்மானால் சிரிப்பை அடக்க முடியவில்லை என்பது மூடியே பலமுறை சொன்ன கதை. சவப்பெட்டிக்குத் தோள் கொடுப்பவரை ஆங்கிலத்தில் ‘பால்பேரர்’ என்பார்கள். அந்தச் சொல்லை இரண்டாக வெட்டினார்கள், பெயர் தயார். 1991 தொடக்கத்தில் பெர்சி பிரிங்கிள் மறைந்தார், பால் பேரர் பிறந்தார்.

முதல் ஓராண்டு இருவரும் வில்லன்கள். ‘இறுதிச் சடங்கு நிலையம்’ என்ற பெயரில் பால் பேரருக்கு ஒரு பேட்டி அரங்கமே அமைத்துக் கொடுத்தார்கள். சுற்றிலும் மாலைகளும் சவப்பெட்டிகளும் இருக்கும். அங்கே பேட்டிக்கு வந்த அல்டிமேட் வாரியர் என்ற வீரரை ஒரு பெட்டிக்குள் அடைத்துப் பூட்டிய நாளில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தூக்கம் போயிருக்கும். 1992இல் அண்டர்டேக்கர் நல்லவராக மாறினார். எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது இதுதான்: பால் பேரர் எதையும் மாற்றவில்லை. அதே மாவு, அதே இளிப்பு, அதே குரல். நேற்றுவரை அருவருத்த கூட்டம் இன்று அந்தக் குரலைக் கேட்டதும் எழுந்து நின்று கத்தியது. பேய் நம் பக்கம் வந்துவிட்டால் காவல் தெய்வம்தானே?

கலசம் பட்ட பாடு தனிக் கதை. 1994 ஜனவரியில் யோகோசுனா என்ற வீரருடன் நடந்த சவப்பெட்டிச் சண்டையில் பெரிய கும்பலே சேர்ந்து அண்டர்டேக்கரை அமுக்கியது. கலசத்தைத் திறந்ததும் பச்சைப் புகை கிளம்பியது, சக்தி போனது, ஆளைப் பெட்டிக்குள் தள்ளி மூடினார்கள். ‘அண்டர்டேக்கர் செத்துச் செத்துப் பிழைப்பவர், ஏழு உயிர்’ என்று நம் ஊர்ப் பள்ளிகளில் பரவிய கதைக்கு இது போன்ற காட்சிகள்தான் விதை. அடுத்த ஆண்டு காமா என்பவர் கலசத்தைத் திருடி, உருக்கி, கழுத்துச் சங்கிலி செய்து போட்டுக்கொண்டார். ஆச்சி இதைப் பார்த்திருந்தால் வெறுமே அணைக்கச் சொல்லியிருக்க மாட்டார், தொலைக்காட்சிப் பெட்டியையே விற்கச் சொல்லியிருப்பார்.

நீங்கள் ஒரே ஒரு காட்சியைத்தான் தேடிப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் 1996 ஆகஸ்ட் 18, கிளீவ்லாந்து, சம்மர்ஸ்லாம் என்ற பெருநிகழ்ச்சி. மேன்கைண்ட் என்ற வீரரும் அண்டர்டேக்கரும் அரங்கத்தின் கொதிகலன் அறையில் குழாய்களால் அடித்துக்கொள்கிறார்கள். அங்கிருந்து தப்பி மேடைக்கு வந்து பால் பேரரிடமிருந்து கலசத்தை யார் வாங்குகிறாரோ அவருக்கே வெற்றி. அண்டர்டேக்கர் ஒருவழியாக மேடைக்கு வந்து சேர்ந்து, கலசத்துக்காகக் கையை நீட்டுகிறார். பால் பேரர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவ்வளவுதான். அடிக்கவில்லை, திட்டவில்லை, முதுகைக் காட்டினார். ஐந்தரை ஆண்டுகள் கூட வந்த ஆள். கூட்டத்தின் சத்தம் ஒரு கணம் என்ன செய்வதென்று தெரியாமல் தடுமாறுவதை நீங்களே கேட்கலாம். பிறகு அதே கலசத்தால் மண்டையில் ஓர் அடி. ஒரு குத்துக்கூட விடாமல் எழுப்பிய அந்த அதிர்ச்சியை வேறு எந்த மேனேஜரும் எழுப்பி நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் நம் ஊர் நெடுந்தொடர்களைத் தோற்கடிக்கும். 1997 கோடையில் ஒரு ரகசியத்தை அவிழ்த்தார்: அண்டர்டேக்கரின் பெற்றோர் நடத்திய சவ அடக்க நிலையம் தீப்பிடித்து எரிந்தது, தீ வைத்தவர் அண்டர்டேக்கர், செத்ததாக நினைத்த தம்பி உயிரோடு இருக்கிறான். மாதக்கணக்கில் அந்தத் தம்பியைக் காட்டாமல், வெறும் வாயாலேயே வளர்த்தார். அக்டோபர் 5 அன்று செயின்ட் லூயிஸில், ஷான் மைக்கேல்ஸுடன் கூண்டுக்குள் நடந்த சண்டையின் முடிவில் விளக்கு அணைந்தது, சிவப்பு உடையில் அந்தத் தம்பி, கேன், வந்து கூண்டுக் கதவைப் பிய்த்து எறிந்தார். அந்த நுழைவுக்கு அவ்வளவு கனம் கொடுத்தது கேனின் உடம்பு மட்டும் இல்லை. அதற்கு முந்தைய மாதங்களில் பால் பேரர் பேசிய பேச்சு. அடுத்த ஆண்டு, கேனுக்குத் தகப்பனே நான்தான் என்று ஒரு குண்டு போட்டார், அதற்கு டி.என்.ஏ. சோதனை வேறு. (அந்த ‘மகன்’ 2018இல் டென்னசியில் ஒரு மாவட்டத்துக்கு மேயரானார் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.)

பிந்தைய ஆண்டுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். உடல் பருமன் அவரை வாட்டியது. 2003இல் இரைப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். 2004இல் திரும்பி வந்தார். சில மாதங்களிலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் கான்கிரீட் கொட்டிப் புதைப்பது போல் ஒரு காட்சி வைத்து அனுப்பிவிட்டார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. 2010இல் மறுபடி வந்து மறுபடி துரோகம் செய்தார். பழைய தந்திரம்தான், ஆனாலும் வேலை செய்தது. அந்த வருகைக்கு முந்தைய ஆண்டுதான் அவருடைய மனைவி புற்றுநோயில் இறந்திருந்தார்.

2013இல் அவர் இறந்து ஒரு மாதம் கழித்து நடந்த ரெசில்மேனியா நிகழ்ச்சியில் சி.எம். பங்க் என்ற வீரர் கலசத்தை வைத்துக்கொண்டு அண்டர்டேக்கரைச் சீண்டினார். அதற்கு முந்தைய வாரங்களில் சாம்பலைக் கொட்டும் காட்சியும் வந்தது. குடும்பத்தின் சம்மதத்தோடுதான் என்று செய்தி வந்தது. மல்யுத்தக்காரனின் மரணத்தை மல்யுத்தத்தில் பயன்படுத்தாமல் எங்கே பயன்படுத்துவது என்று அண்ணன் வாதாடினான். நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் ஆச்சி கட்சி.

2014இல் அவரை அந்த நிறுவனத்தின் புகழரங்கத்தில் சேர்த்தபோது அறிமுக உரை ஆற்றியவர் கேன். அண்டர்டேக்கர் மேடைக்கு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் மரியாதை செலுத்திவிட்டுப் போனார். 2020 நவம்பர் 22 அன்று, முதல் தோற்றத்துக்குச் சரியாக முப்பது ஆண்டுகள் கழித்து, அண்டர்டேக்கர் விடைபெற்றார். தொற்றுக் காலம் என்பதால் இருக்கைகளில் ஆள் இல்லை, திரைகளில் முகங்கள் மட்டும். அவர் மண்டியிட்டபோது இருட்டில் ஓர் ஒளியுருவம் தோன்றியது: கறுப்புக் கோட்டு, உருண்டை முகம், உயர்த்திய கைகளில் கலசம். நான் அதைக் கைபேசியில், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு பார்த்தேன். “ஓ... யெஸ்ஸ்” கேட்டதும் அனிச்சையாகச் சத்தத்தைக் குறைத்தேன், ஆச்சியின் அறைக் கதவு திறந்திருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். ஆச்சி போய்ப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.